டெல்லி குளிருக்கு 45,000 ரூபாய்க்கு ஒரு கம்பளி ஓவர்கோட், வாங்கலாமா?

மயூர்விஹார் மலர்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கோட் விஷயம் ரொம்ப நாளா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னா "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கிப் போடு"ன்னு பேச்சை முடிச்சிடறாங்க, அதான் இங்க கேக்கறேன்.

வசந்த் குஞ்ச் மால்ல ஒரு கடைல பாத்தேன். கெண்டைக்கால் வரைக்கும் வர்ற நீள கோட், ஒட்டக நிறம், ரெட்டை வரிசை பட்டன், அகல காலர், இடுப்புல அதே துணில பெல்ட். விலை 45,000. போட்டுப் பாத்தேன், கழட்டவே மனசு வரல. மேக்ஸ் மாரா கம்பெனியோட 101801ன்னு ஒரு கோட் இருக்கு பாருங்க, 1981ல ஆன்-மரீ பெரெட்டா டிசைன் பண்ணது, கிட்டத்தட்ட அந்த சாயல். அசல் கோட் லட்சக்கணக்குல விக்குது, அது நமக்கு எட்டாது. ஆனா நாப்பது வருஷத்துக்கு மேல அதே வெட்டுல வித்துட்டு இருக்காங்கன்னா இந்த மாடல் பழசாகிடுமோன்னு பயப்பட வேண்டாம்ல?

நான் திருச்சி பொண்ணு, வேலைக்காக இங்க வந்தவ. காலைல வீட்லேர்ந்து மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் இ-ரிக்‌ஷா, அப்புறம் ராஜீவ் சௌக்ல மாறி படேல் சௌக். ஆபீஸ்ல மொத்த செக்‌ஷனுக்கும் ஒரே ஒரு ஹீட்டர். டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் கல்யாணம் கல்யாணமா வரும், அதுவும் ராத்திரில திறந்த புல்வெளில பந்தல் போட்டு, அங்க போனா பட்டுப்புடவை மேல சால்வையைப் போத்திட்டு நடுங்கிட்டே நிக்கறேன். பஃபர் ஜாக்கெட், அதான் உள்ள அடைச்சு உப்பலா தைச்சிருப்பாங்களே, அது ரெண்டு இருக்கு, குளிருக்கு ஓகேதான், ஆனா புடவைக்கும் சரி மீட்டிங்குக்கும் சரி நல்லாவே இல்ல. அரியர்ஸ் வந்திருக்கு, கடன் வாங்கப் போறதில்ல. பத்து வருஷம் போடற மாதிரி ஒண்ணே ஒண்ணு, நல்லதா வாங்கிடணும்னு ஆசை. டெல்லில இருக்கறவங்க சொல்லுங்க, இது வொர்த்தா?

ஜனக்புரி ஜனா:

நேரா சொல்லிடறேன் மேடம், வேண்டாம். இந்த ஊர்ல நிஜமான குளிர்னா டிசம்பர் நடுவுலேர்ந்து ஜனவரி கடைசி வரைக்கும், மிஞ்சிப்போனா பிப்ரவரி முதல் வாரம். 2021 ஜனவரி 1ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்துல 1.1 டிகிரிக்கு இறங்குச்சு, அந்த மாதிரி காலைகள் வருதுதான், ஆனா வெயில் அடிக்கற நாள்ல மத்தியானம் 20 டிகிரி வந்துடும், அப்ப அந்த கனமான கோட்டைக் கைல தூக்கிட்டு அலையணும். ராஜீவ் சௌக்ல காலை ஒன்பதரை கூட்டத்துல அதைப் போட்டுட்டு நின்னு பாருங்க, வேர்த்து ஊத்தும்.

இன்னொண்ணு, டெல்லில குளிர் நம்மளப் படுத்தறது வீட்டுக்குள்ளதான். சுவர்ல ஹீட்டிங் கிடையாது, தரை பூரா மார்பிள், மொட்டை மாடி வெயில்ல உக்காந்திருந்தவன் உள்ள வந்தா விரல் விறைச்சிடும். அதுக்கு ஓவர்கோட் போட்டுட்டா சமையல் பண்ணுவீங்க? நல்ல தெர்மல் ரெண்டு செட், மெரினோன்னு மெல்லிசான கம்பளில ஸ்வெட்டர் ஒண்ணு, கம்பளி சாக்ஸ், ரூமுக்கு ஒரு ஆயில் ஹீட்டர். எல்லாம் சேர்த்தாலும் உங்க கோட் விலைல பாதி ஆகாது, குளிர்காலம் பூரா ராத்திரி பகலா உபயோகம். என் ஓட்டு இதுக்குத்தான்.

கரோல்பாக் மாமி:

மலர் கண்ணு, ஜனா சொல்றது வீட்டுக்கு சரி, கல்யாண புல்வெளில ராத்திரி பதினோரு மணிக்குப் பனி இறங்கறச்சே அவர் சொல்ற தெர்மலை ரவிக்கைக்குள்ள எப்படிப் போட்டுக்கறதாம்? நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து புடவைதான் கட்டறேன், கோட்டும் போட்டுண்டுதான் இருக்கேன். அதனால கோட் வேணுமான்னா வேணும்னுதான் சொல்வேன். நீ பாத்து வச்சிருக்கற அந்தக் கோட் வேண்டாம்.

ஏன்னு கேளு. ரெட்டை வரிசை பட்டன் கோட்ல முன்னாடி துணி ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு மடிப்பு வரும். அதுக்குக் கீழ கொசுவம் வேற. மேல பெல்ட்டை இறுக்கினா வயித்துல ஒரு மூட்டை கட்டின மாதிரி ஆயிடும், தோள்ல முந்தானை மடிப்பு இருக்கற பக்கம் மட்டும் தூக்கிண்டு நிக்கும். புடவைக்கு ஒத்தை வரிசை பட்டன், நேரா விழற வெட்டு. கைக்குத் தோள்ல தையல் இல்லாம கழுத்துலேர்ந்தே சாய்வா இறங்கும் பாரு, ராக்லன்னு சொல்வா, அதுவா இருந்தா இன்னும் உத்தமம். உள்ள ஸ்வெட்டர் இருந்தாலும் முந்தானை இருந்தாலும் அது பாட்டுக்கு இடம் கொடுக்கும்.

நீளமும் கெண்டைக்கால் வரைக்கும் வேண்டாம், முட்டிக்குக் கொஞ்சம் கீழ போதும். இ-ரிக்‌ஷால ஏறறச்சே ஒரு கையால புடவையைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொரு கையால கம்பியைப் பிடிக்கணும், கோட் நுனியை யார் பிடிக்கறது? சேத்துலதான் போகும். அப்புறம் அந்த நிறம். தீபாவளி முடிஞ்சதும் இந்த ஊர்ப் புகை உனக்குத் தெரியும். வெளிர் நிறக் கோட்ல ஒரே மாசத்துல மணிக்கட்டு ஓரமும் காலர் மடிப்பும் கறுத்துப் போகும். கல்யாணத்துல ஒரு சொட்டு சாம்பார் விழுந்தாலும் அந்த மஞ்சக் கறை போகவே போகாது. கரி நிறமோ அடர் நீலமோ எடுத்துக்கோ. உன் நிறத்துக்கு அதுவும் நன்னா இருக்கும்னு தைரியமா சொல்வேன்.

ஊசிநூல்:

ஓக்லால கார்மென்ட் எக்ஸ்போர்ட்ல இருக்கேன், கோட் சாம்பிள் தினமும் கைல புரளும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. கிளாசிக் கோட்டுக்கு செலவு பண்றது தப்பே இல்லைங்கறது என் கருத்து, ஆனா காசு எதுக்குப் போகுதுன்னு பாக்கணும். கடை வாடகைக்கா, துணிக்கா?

முதல்ல உள்பக்கம் தைச்சிருக்கற சீட்டைப் படிங்க. கேமல்னு பேர்ல இருந்தா அது நிறம் மட்டும்தான் பெரும்பாலும், நிஜ ஒட்டக ரோமம்னா ரெட்டைத் திமில் ஒட்டகத்தோட அடி ரோமம், மங்கோலியா பக்கத்துலேர்ந்து வர்றது, அது இருந்தா சீட்டுல சதவீதம் போட்டிருப்பாங்க. இந்த விலைக்குக் கம்பளி 80 சதவீதமாவது இருக்கணும், நைலான் கொஞ்சம் கலந்திருந்தா உறுதிக்குன்னு ஒத்துக்கலாம், பாலியஸ்டர் 30, 40ன்னு இருந்தா அந்த விலை நியாயமே இல்ல. பானிபட்ல உலகம் பூராலேர்ந்து வர்ற பழைய கம்பளித் துணியைக் கிழிச்சுப் பிரிச்சு மறுபடி நூலாக்கறாங்க, நல்ல வேலைதான், போர்வைக்கு ஏகப் பொருத்தம். ஆனா அந்த நார் குட்டையா இருக்கும், கோட்ல வந்தா ஹேண்ட்பேக் உரசற இடுப்புலயும் கைக்கு அடிலயும் சீக்கிரமே உருண்டை உருண்டையா கிளம்பிடும். லைனிங் பாலியஸ்டரா விஸ்கோஸான்னும் பாருங்க, மெட்ரோல வேர்க்கறதுல பாதிக் காரணம் அந்த பாலியஸ்டர் லைனிங்தான், ஜனா சார் அதை கவனிச்சாரான்னு தெரியல.

அடுத்தது காலர் மடிப்பு. மேல் துணியையும் அடித் துணியையும் ரெண்டு விரலால தனித்தனியா கிள்ளி இழுங்க. நடுவுல மூணாவதா ஒரு துணி தனியா நழுவற மாதிரி தெரிஞ்சா கேன்வாஸ் வச்சுத் தைச்சது. எல்லாம் ஒட்டிப்போய் அட்டை மாதிரி வந்தா பசை போட்டு அழுத்தினது, ட்ரை க்ளீனிங் போகப் போக பசை விட்டு மார்புல கொப்புளம் கொப்புளமா எழும்பலாம், அதுக்கப்புறம் எந்த டெய்லராலயும் சரி பண்ண முடியாது. பத்து வருஷம்னு கேட்டீங்களே, அதுக்கான பதில் முக்கால்வாசி இந்த இடத்துல இருக்கு.

தோள் சரியா இருக்கணும். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், தோளைத் தொட்டா மொத்தக் கோட்டையும் பிரிக்கணும். நீங்க நிஜமா போடப்போற ஸ்வெட்டரைப் போட்டுட்டுப் போய்ப் பாருங்க, மெட்ரோல மேல கம்பியைப் பிடிக்கற மாதிரி கையைத் தூக்குங்க, முதுகு இழுத்தா விட்டுடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. கன்னாட் பிளேஸ்ல பழைய டெய்லர் கடைகள் இன்னும் இருக்கு, லேடீஸ் ஓவர்கோட் தைக்கற மாஸ்டர்ஜி இருக்காரான்னு கேட்டுட்டுப் போங்க. முட்டி நீள கோட்டுக்கு அகலத் துணில மூணு மீட்டர் கிட்ட ஆகும். சூட் துணி மீட்டருக்கு 250, 300 கிராம் இருக்கும், ஓவர்கோட்டுக்கு 500க்கு மேல கேளுங்க, கைல வச்சாலே கனம் தெரியும். கம்பளித் தரத்துக்குத் தர்ற வுல்மார்க் முத்திரை, அதான் 1964லேர்ந்து வர்ற அந்த நூல்கண்டு மாதிரி சுத்தின சின்னம், ஓரத்துல இருக்கான்னு பாருங்க. சந்தேகம்னா துண்டுத் துணிலேர்ந்து ஒரு இழையை உருவி டெய்லர் முன்னாடியே கொளுத்திப் பாக்கச் சொல்லுங்க, கம்பளின்னா முடி பொசுங்கின வாடை வந்து தானா அணைஞ்சு சாம்பல் பொடியா உதிரும், பாலியஸ்டர்னா உருகிக் கெட்டியா மணி மாதிரி நிக்கும்.

மயூர்விஹார் மலர்:

எவ்ளோ விஷயம்! நன்றி எல்லாருக்கும். நேத்து சாயங்காலமே திரும்பக் கடைக்குப் போனேன். சீட்டுல கம்பளி 55, பாலியஸ்டர் 35, மிச்சம் விஸ்கோஸ்னு இருக்கு. காலரைக் கிள்ளிப் பாத்தேன், ஊசிநூல் அண்ணா சொன்ன மாதிரி அட்டைதான். கையைத் தூக்கினேன், முதுகு இழுக்குது. கண்ணாடில பாக்கறப்ப இப்பவும் அழகாதான் இருக்கு, அதை மறைக்க மாட்டேன், ஆனா பட்டனுக்கு அடில கொஞ்சம் இடம் விட்டு நூல்ல கால் வச்சுக்கூடத் தைக்கல, துணியோட ஒட்டித் தைச்சிருக்காங்க, ரெண்டு தடவை போட்டுக் கழட்டினதுக்கே அந்த இடம் சுருங்கிப்போச்சு. அந்த விலைக்கு இது நியாயம் இல்லன்னு கோவமா வந்துச்சு.

மாமி, புடவை விஷயம் எனக்குத் தோணவே இல்ல, அதுதான் முக்கியமான கேள்வியே. இப்ப டெய்லர்கிட்ட அடர் நீலத்துல ஒத்தை வரிசை, ராக்லன் கை, முட்டிக்குக் கீழ நாலு விரல்னு முடிவு பண்ணிருக்கேன். பராமரிப்பு மட்டும் பயமா இருக்கு. மார்ச்லேர்ந்து நவம்பர் வரைக்கும் சும்மா தொங்கப்போற கோட், மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்காதா? அந்து அரிக்காதா?

கரோல்பாக் மாமி:

ஹோலி முடிஞ்சதும் ஒரு தடவை ட்ரை க்ளீனிங் கொடுத்துடு, சீசனுக்கு அந்த ஒண்ணு போதும். அழுக்கோட உள்ள வைக்கவே கூடாது, அந்துப் புழு வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதல்ல தின்னும். கடைக்காரன் போட்டுத் தர்ற பிளாஸ்டிக் உறையை அன்னிக்கே கழட்டி எறிஞ்சுடு, ஈரம் உள்ளயே நின்னுடும். நான் ஆத்துக்காரரோட பழைய எட்டு முழ வேஷ்டியை வெட்டி மூட்டிப் பை மாதிரி உறை தைச்சு வச்சிருக்கேன், காத்தும் போகும் தூசியும் படாது. அந்துருண்டையைத் துணில படற மாதிரி வைக்காதே, சின்னப் பைல போட்டு ஹேங்கர் கொக்கில மாட்டு. ஹேங்கரும் தோள் அகலத்துக்குக் கட்டையா மரத்துல இருக்கணும், கம்பி ஹேங்கர்ல தொங்கினா தோள்ல கூம்பு விழுந்துடும்.

மே மாசம் இங்க அடிக்கற வெயில் இருக்கே, அதுல ஒரு மணி நேரம் உள்பக்கம் வெளில தெரியற மாதிரி திருப்பிப் போட்டு, காலர் அடி, பாக்கெட் மூலை எல்லாம் பிரஷ்ஷால நன்னா தட்டு. ஆடி ஆவணில மழை விட்ட நாளாப் பாத்து பீரோவைத் திறந்து கோட்டை வெளில மாட்டி ஃபேன் காத்து காட்டு. பெரிய வேலை ஒண்ணும் இல்ல. எங்காத்துல கான்பூர் லால் இம்லி மில் கம்பளி ஒண்ணு இருக்கு, மாமியார் காலத்தது, இந்தக் கவனிப்புலதான் இன்னிக்கும் ஒரு ஓட்டை இல்லாம இருக்கு.

ஜனக்புரி ஜனா:

கல்யாண ராத்திரி பத்தி மாமி சொன்னது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா மலர் மேடம், டெய்லர்கிட்ட போனா 45,000ல மிச்சம் ஆகும்னு தோணுது, அதுல அந்த ஆயில் ஹீட்டரையும் வாங்கிடுங்க. வீட்டுக்குள்ள குளிர்ல கஷ்டப்படறதுல எந்தப் பெருமையும் இல்ல.

ஊசிநூல்:

நல்ல முடிவுங்க. ஒரே ஒரு விஷயம், போறதா இருந்தா இந்த வாரமே போங்க. கல்யாண சீசன் ஷெர்வானி ஆர்டர் குவிஞ்சிடுச்சுன்னா மாஸ்டர் கோட்டைக் கீழ இருக்கற பையன்கிட்ட தள்ளிடுவார். துணி வெட்டறதுக்கு முன்னாடி ஸ்டீம் போட்டு சுருக்கிடச் சொல்லுங்க. லைனிங் போடாம ஒரு ட்ரயல் கண்டிப்பா கேளுங்க, அன்னிக்குப் பட்டுப்புடவை கட்டிட்டுப் போங்க, சுடிதார்ல போனா அளவு வேற மாதிரி வரும். மடிப்புக்கு உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டு வைக்கச் சொல்லுங்க, உடம்பு கூடினா குறைஞ்சா பிரிச்சுக்கலாம். கை நுனில நிஜ பட்டன் துளை வேண்டாம்னு சொல்லிடுங்க, அது வெட்டிட்டா அப்புறம் நீளம் குறைக்க முடியாது.

மயூர்விஹார் மலர்:

சனிக்கிழமை லீவு, புடவையும் ஸ்வெட்டருமா கன்னாட் பிளேஸ் போறேன். துணியோட ஃபோட்டோ போடறேன், வெட்டறதுக்கு முன்னாடி மாமி நிறத்தைப் பாத்து சொல்லணும்.