புதுப்பிப்பு: பி.எஸ்சி. மார்க் குறைவு, எம்.பி.பி.எஸ். ஆசை

பி.எஸ்சி. விலங்கியலை அரியரோடு முடித்த நான் இனி டாக்டருக்குப் படிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி. விசாரித்துப் பார்த்ததில் மனசு லேசானது. எம்.பி.பி.எஸ். தரவரிசைக்கு டிகிரி மதிப்பெண் கணக்கிலேயே வராது, நீட் மதிப்பெண்தான். உச்ச வயது வரம்பையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூவில் நான் எடுத்த மதிப்பெண்ணும் தகுதிக்குப் போதுமானதாக இருக்கிறது.

நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கே என்பதால் விலங்கியல் படித்தது வீண்போகாது. இயற்பியல்தான் பயம், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜில் சேரணும், அதுதான் ஆசை. அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள். இயற்பியலுக்குத் தமிழில் நல்ல பயிற்சிப் புத்தகம் தெரிந்தால் சொல்லுங்க.