அருவி ஓரம் கூடு கட்டும் உழவாரன் பறவைகளைப் பார்க்க யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, ஆகஸ்டில் கொலராடோவின் பாக்ஸ் கேன்யன் அருவிக்குப் போகிறேன், பிளாக் ஸ்விஃப்ட் என்கிற கறுப்பு உழவாரனைப் பார்க்க. சாரல் தெறிக்கும் பாறை விளிம்பில், பாசியால் கட்டிய கூட்டில், ஒரே ஒரு முட்டை! குஞ்சு பொரித்ததும் பெற்றவை பகலெல்லாம் உயரத்தில் பூச்சி பிடிக்கும். பெரும்பாலும் இருட்டுகிற நேரத்தில்தான் இரையோடு திரும்பும்.

அந்த மங்கல் வெளிச்சத்துக்கு 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதுமா? ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) தூக்கிக்கொண்டு போகலாமா? சாரலில் லென்ஸ் ஈரமாகாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம் முக்கியமானது, குஞ்சு இருக்கும் கூட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது நல்லது? ஃபிளாஷ் கண்டிப்பாகப் போட மாட்டேன். படம் கிடைக்காவிட்டாலும் சரி, பறவைக்குத் தொந்தரவு கூடாது. அங்கே போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.