காரில் எடுத்த 360 டிகிரி படங்கள் திசை மாறி நிற்கின்றன, உதவுங்கள்

நண்பர்களே, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் கடைகளைக் குறிப்பதற்காக, காரின் கூரையில் 360 டிகிரி கேமராவைப் பொருத்தி மதுரை மாசி வீதிகளை 2 நொடிக்கு ஒரு படமாக எடுத்தேன். முதலில் எந்தப் படமும் ஜிபிஎஸ் பதிந்த பயணத் தடத்தோடு பொருந்தவில்லை. அந்தத் தடம் உள்ள ஜிபிஎக்ஸ் கோப்பு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், கேமரா நம் இந்திய நேரத்தில், அந்த 5 மணி 30 நிமிடத்தைக் கழித்ததும் அது சரியாகிவிட்டது. திசைதான் இன்னும் பிடிபடவில்லை. படத்தின் நடுவில் சாலை வர வேண்டிய இடத்தில் இடப்பக்கக் கடையின் ஷட்டர் வருகிறது, அதாவது 90 டிகிரி விலகல். வண்டி நின்றபோது எடுத்தவை இன்னும் மோசம், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கிறது. படக் கோப்பில் பதிந்த தகவல்களை மாற்றும் எக்சிஃப்டூல் மென்பொருளில் எல்லாப் படங்களின் திசைக்கும் 90 டிகிரியைச் சேர்த்தால் போதுமா, இல்லை அடுத்தடுத்த ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்துத் திசையைப் புதிதாகக் கணக்கிட வேண்டுமா? நின்ற படங்களை அப்படியே நீக்கிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இத்தனை படங்களும் வீணாகிவிடக் கூடாது.