கட்சிக்கு எதிராக எத்தனை தரம்?

திருநெல்வேலிச் சந்தை:
நேற்றுச் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். ஒவ்வொரு எம்.பி.யும் தன் கட்சியின் முடிவுக்கு எதிராக எத்தனை தரம் வாக்களித்தார் என்று கணக்கெடுக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு தரமும் இல்லையென்றால் என் விருப்பு வாக்கு அவருக்குக் கிடையாது. தலைவர் சொன்னதற்குத் தலையாட்ட யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு பேர் எதற்கு?

கோண்டாவில் மாஸ்டர்:
தம்பி, வாக்குச்சீட்டை ஒருக்கால் நினைத்துப் பாருங்கோ. மேலே கட்சிக்குப் புள்ளடி, கீழே விருப்பு வாக்காக வேட்பாளர்களின் இலக்கங்கள், அதுவும் ஆகக் கூடியது மூன்று. மத்திய கல்லூரியில் வாக்கெண்ணும் கடமைக்குப் போயிருக்கிறேன். விடியச் சாமம், கண் எரிகிறது. முதலில் கட்சி வாக்கை எண்ணிக் கட்டிவைத்த பிறகுதான் இலக்கங்களைப் பார்ப்போம். வீடு, சைக்கிள், திசைகாட்டி என்று கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட சனத்திடம், உள்ளே போனதும் ‘நான் என் மனச்சாட்சிப்படி’ என்றால் அது யாருடைய வாக்கு?

லண்டன் பெடியன்:
இங்கே ஜெரமி கோர்பின் 1997 முதல் 2010 வரை, தன் தொழிற்கட்சியே ஆட்சியில் இருந்த காலத்தில், கட்சிக்கு எதிராக 400 தடவைக்கு மேல் வாக்களித்தார். அப்போது யாரும் அவரைத் துரத்தவில்லை. 2015 இல் அவரையே தலைவராக்கினார்கள். பிறகு நடந்தது வேறு கதை.

சுன்னாகம் வசந்தி:
அண்ணை, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதேங்கோ. எங்கள் அரசியலமைப்பில் 99(13) என்று ஒன்று இருக்கிறது. கட்சி நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் போய்விடும். அதற்குள் உயர் நீதிமன்றம் போய், நீக்கியது செல்லாது என்று தீர்ப்பு வாங்கினால்தான் தப்பலாம். நசீர் அகமட் 2021 நவம்பரில் முஸ்லிம் காங்கிரஸின் முடிவை மீறி வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். கட்சி நீக்கியது. நீக்கியது சரி என்று 2023 ஒக்டோபரில் தீர்ப்பு வந்தது, அமைச்சராக இருந்தவர் ஆசனத்தை இழந்தார். 1991 இல் தங்கள் கட்சி ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் கிளம்பிய லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க கூட்டத்துக்கும் இதே கதிதான். ஆசனத்தைப் பணயம் வைத்துத்தான் கை தூக்க வேண்டும் என்றால் எத்தனை தரம் தூக்குவார்கள்?

திருநெல்வேலிச் சந்தை:
அப்படியென்றால் தூக்குகிறவருக்கு இன்னும் மதிப்பு அல்லவா! 1948 கடைசியில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமை மசோதா வந்தபோது ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராக இருந்து ஆதரித்தார். அதே தமிழ்க் காங்கிரஸில் இருந்த செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். இந்திய வம்சாவளி மலையகச் சனத்துக்காக. அடுத்த வருடம் தமிழரசுக் கட்சி பிறந்தது. அன்றைக்கு 99(13) இல்லை, ஆசனம் அவரிடமே இருந்தது.

கோண்டாவில் மாஸ்டர்:
1952 இல் காங்கேசன்துறைச் சனம் என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டியதுதானே? ஐக்கிய தேசியக் கட்சி நடேசனுக்குப் போட்டு செல்வநாயகத்தைத் தோற்கடித்தது. 1956 இல்தான் திரும்ப வந்தார்.

சரி, பியசேனவை மறந்துவிட்டீர்களா? 2010 இல் அம்பாறையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பட்டியலில் வென்றவர். அதே செப்டெம்பரில் 18 ஆவது திருத்தத்துக்குக் கூட்டமைப்பு எதிர்த்து வாக்களிக்க, இவர் ஆதரித்துக் கை தூக்கினார். ஜனாதிபதியாக இருந்த மகிந்த எத்தனை தரமும் அந்தப் பதவிக்குப் போட்டியிடலாம் என்று வழிவிட்ட திருத்தம் அது. உங்கள் கணக்கில் செல்வநாயகத்துக்கும் ஒன்று, பியசேனவுக்கும் ஒன்று. நல்ல கணக்கு!

லண்டன் பெடியன்:
ஹா ஹா. மாஸ்டர் இன்னும் பிரம்பைக் கீழே வைக்கவில்லை.

சுன்னாகம் வசந்தி:
இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பிடித்த வழி எதிர்த்து வாக்களிப்பது இல்லை, அன்றைக்கு வராமல் விடுவது. காய்ச்சல், வெளிநாட்டுப் பயணம், ஊரில் செத்தவீடு. நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பெயர் இராது, கட்சியும் கேட்காது, சனமும் கேட்காது. பல விடயங்கள் வாய்மூலமே நிறைவேறிவிடுகின்றன, பெயர் கூவுவதே இல்லை. 2022 ஜூலை 20 ஜனாதிபதித் தெரிவையும் பாருங்கோ. கூட்டமைப்பு டலஸ் அழகப்பெருமவுக்கு என்று முடிவெடுத்தது. ரணிலுக்கு 134, டலஸுக்கு 82. உள்ளே யார் யாருக்குப் போட்டார் என்று சந்தியில் ஆளுக்கொரு கதை. இரகசிய வாக்கு, சீட்டில் போட்டவர் பெயர் இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

திருநெல்வேலிச் சந்தை:
சரி, எண்ணிக்கை மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையில் ‘வரவில்லை’ என்று ஒரு நிரல், ‘எந்தச் சட்டத்துக்கு’ என்று இன்னொரு நிரல். ஒரு வருட ஹன்சாட்டை நானே கொப்பியில் இறக்குகிறேன். கூடவே ‘பிறகு என்ன பதவி கிடைத்தது’ என்றும் ஒரு நிரல் போடட்டோ, மாஸ்டர்?

கோண்டாவில் மாஸ்டர்:
அதை முதலாவதாகப் போடுங்கோ.