எல்லைக்கு இந்தப் பக்கத்து வேர்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எம்.ஜி.ஆரின் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். 1917 ஜனவரி 17 அன்று அவர் பிறந்தது இலங்கையின் நாவலப்பிட்டியில். பள்ளிக்கூடம் போனது கும்பகோணத்தில். நடிப்புக் கற்றது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில். பேரும் புகழும் பெற்றது சென்னையில். ஆனால் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் வாழும் தமிழர்களான எங்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவர் வடவன்னூர்க்காரர். தாயார் சத்தியபாமாவின் ஊர் அது. குடும்பத்தின் பூர்விக வீடு இன்றும் அங்கே நிற்கிறது.

வெகுகாலம் அந்த வீட்டில் அங்கன்வாடி நடந்தது. பிறகு அதைப் பழுதுபார்த்து, 2019-ல் நினைவு இல்லமாகத் திறந்தார்கள். அதன்பின் ஒரு கோடைக்காலத்தில் என் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, அழைத்துக்கொண்டு போனேன். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, சித்தூர், தத்தமங்கலம், புதுநகரம் என்று வழியெல்லாம் பனைமரங்களும் வயல்களும் பார்த்தபடி போய்ச் சேர்ந்தோம். கொல்லங்கோட்டுப் பக்கத்து நெல்லியாம்பதி மலை கூடவே வந்தது.

நான் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். அம்மாயி ஒன்றையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டவர் நேரே வாசலுக்குப் போய், நிலைப்படியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அருகில் நின்ற ஒரு சேச்சி மலையாளத்தில், "தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை அம்மிணி, கொழிஞ்சாம்பாறை" என்று அம்மாயி தமிழில் சொன்னார். அதற்கப்புறம் இருவரும் அவரவர் மொழியிலேயே பேசிக்கொண்டு போனார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போகவில்லை.

பேச்சு முழுவதும் எம்.ஜி.ஆரைப் பற்றியல்ல, சத்தியபாமாவைப் பற்றித்தான். கணவர் கோபால மேனன் காலமானபோது கடைசிப் பிள்ளை மடியில் தவழும் வயது. சக்கரபாணியையும் ராமச்சந்திரனையும் வைத்துக்கொண்டு அந்தத் தாய் கும்பகோணத்துக்குக் குடிபோனார். அங்கே வறுமை முற்றியதால்தான் பிள்ளைகள் இருவரும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். சோறு போடுவார்கள் என்பதே கம்பெனியில் சேர்வதற்குப் பெரிய காரணமாக இருந்த காலம் அது. என் அம்மாயியும் இளவயதிலேயே தாலியை இழந்து, மூன்று பிள்ளைகளைக் களை எடுத்தும் கதிர் அறுத்தும் வளர்த்தவர். "ஊரை விட்டுப் போகிற பொம்பளைக்குத்தான் தெரியும் கண்ணு, இந்தப் படி எவ்வளவு உயரம் என்று" என்றார் என்னிடம்.

எம்.ஜி.ஆர் தன் ஸ்டூடியோவுக்குச் சத்யா என்று தாயின் பெயரை வைத்தார். ராமாவரம் தோட்டத்தில் தாய்க்குக் கோயில் எழுப்பினார். அடையாற்றில் அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று பெண்கள் கல்லூரி நடக்கிறது. இதையெல்லாம் பத்திரிகையில் படித்தபோது தாய்ப்பாசம் என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறேன். வடவன்னூர் வாசலில் நின்றபோதுதான் அந்தப் பாசத்தின் கனம் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆரை மலையாளி என்று மேடை போட்டு ஏசியவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். எங்களைப் பாண்டிக்காரர்கள் என்று சொல்கிறவர்கள் இங்கே கேரளத்தில் இருக்கிறார்கள். ஒருவருடைய சொந்த ஊரைப் பெருமையாகச் சொல்லலாம், வசையாகவும் வீசலாம் என்பது எல்லையில் இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அவர் மீது எங்களுக்கு ஒரு படி கூடுதல் உரிமை.

உங்கள் ஊர்ப்பக்கத்து நட்சத்திரங்களைப் பற்றி நீங்களும் எழுதுங்கள்.


வண்ணாமடைப் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

வடவன்னூரைச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் எலப்புள்ளி வருகிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் 1928 ஜூன் 24 அன்று பிறந்த ஊர். அவருக்கும் அதே கதைதான். தந்தை சிறுவயதிலேயே போய்விட்டார். தாத்தா கண்ணூர்ச் சிறையில் வார்டன், அவர் நிழலில் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் அவர். விற்றது வயிற்றுக்காக, நின்றது பாட்டுக்காக.

தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஆண்டுதோறும் இலக்கிய மன்ற விழாவைத் 'நீராருங் கடலுடுத்த' பாடித்தான் தொடங்குவோம். கேரளப் பள்ளிக்கூடத்தில், தமிழ் படிக்கும் கேரளப் பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து. ஒரு வருடம், ஒத்திகையின்போது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "ஐயா, இது தமிழ்நாட்டுப் பாட்டுத்தானே, நாம் ஏன் பாட வேண்டும்?" என்று கேட்டான். குறும்புக்காகக் கேட்கவில்லை. வெளியே யாரோ அவனை அப்படிக் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்ல முடியாமல் வந்து நிற்கிறான்.

அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னேன். பாடலை எழுதிய மனோன்மணீயம் சுந்தரனார் 1855-ல் பிறந்தது ஆலப்புழையில். பேராசிரியராக இருந்தது திருவனந்தபுரத்தில். 1970-ல் தமிழ்நாடு அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் விஸ்வநாதன். நீ பஸ்ஸில் பாலக்காடு போகும்போது கண்டக்டர் எலப்புள்ளி என்று குரல் கொடுப்பாரே, அந்த எலப்புள்ளிக்காரர். பாட்டும் மெட்டும் நம் பக்கத்திலிருந்துதான் போயிருக்கின்றன தம்பி, தயங்காமல் பாடு என்றேன்.

விழா அன்று அவன் முன்வரிசையில் நின்று பாடினான். மற்றவர்களைவிட அரைக்கட்டை மேலே போனான், சுருதி சேரவில்லை. ஆனாலும் அவனைக் குரலைத் தணிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வகுப்புப் பிள்ளைகள் எங்கேயாவது கண்டால், "ஐயா, எலப்புள்ளி" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

கொல்லங்கோட்டை யாரும் மறக்க வேண்டாம். நடிகர் ரகுவரன் அந்த ஊர்க்காரர். அவர் பழைய தலைமுறை இல்லை என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.


வாளையாற்றிலிருந்து:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு கோவையைச் சேர்த்தால்தான் கதை முழுமையாகும். சினிமா என்றாலே சென்னை என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் பெரியப்பா காலத்தில், வாளையாறு தாண்டினால் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோ. அரைநாள் பயணம்கூட இல்லை. இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கையெட்டும் தூரத்தில் சினிமா இருந்தது.

பெரியப்பா ஸ்டூடியோவில் விளக்குப் பிரிவில் எடுபிடியாக இருந்தவர். ஆர்க் விளக்குகளுக்குள்ளே இரண்டு கரிக்குச்சிகள் எதிரெதிரே எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், வெளிச்சம் நடுங்கும். நடுக்கம் வருமுன் குச்சியை நகர்த்த வேண்டும். ஒரு ஷாட் ஓடும்போது வெளிச்சம் தடுமாறினால் பிலிம் வீண், திட்டு வாங்கி மாளாது. பெரியப்பாவின் வலது முன்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள் புள்ளி புள்ளியாகக் கடைசிவரை இருந்தன. சிறுவர்களாக அவற்றை விரலால் தொட்டு, "இது எந்தப் படம்?" என்று கேட்போம். ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு படத்தின் பெயர் சொல்வார்.

ஜூபிடர் பிக்சர்ஸ் அந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் படமெடுத்தது. 1947-ல் வெளிவந்த ராஜகுமாரியில் எம்.ஜி.ஆர் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அதே ஜூபிடரில்தான் விஸ்வநாதன் எடுபிடி வேலை செய்து, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவில் ஆர்மோனியத்தைத் தொட்டார். 1948-ல் வந்த அபிமன்யுவில் ஒரு பாட்டுக்கு அவர் போட்ட மெட்டு நாயுடுவின் பெயரில் வந்தது. அது யார் மெட்டு என்பதைப் பிற்பாடு நாயுடுவே வெளியே சொன்னார். பெருந்தன்மைக்காரர். வடவன்னூர் வேரும் எலப்புள்ளி வேரும் சிங்காநல்லூரில் ஒரே கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கின்றன. பெரியப்பா இதைச் சொல்லும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கே சினிமா வாசனை உண்டு என்பார். அவர் அதை முழு மனதோடு நம்பினார், எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.


ஆந்திரத்துச் சித்தூரிலிருந்து:

உங்கள் சித்தூரைப் படித்ததும் எங்கள் சித்தூரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வாழ்கிற குடும்பம் எங்களுடையது. ஊரின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர் எங்களுக்கு இருக்கிறார், சித்தூர் வி.நாகையா. தமிழில் மீராவின் ராணாவாகவும் அசோகச் சக்கரவர்த்தியாகவும் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

அவர் இங்கே பிறந்தவர் அல்லர். 1904-ல் குண்டூர்ப் பக்கத்து ரேப்பல்லேயில் பிறந்தவர். சித்தூரில் ராம விலாச சபாவின் நாடகங்களில் பாடி நடித்தார், அந்த மேடை கொடுத்த பெயர்தான் கடைசிவரை நின்றது. பிறந்த ஊரை விட்டு, தன்னை மேடையேற்றிய ஊரைப் பெயராக வைத்துக்கொண்ட மனத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. தியாகையராக அவரே நடித்து இயக்கிய படம் 1946-ல் வந்தது. 1965-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கையில் இருந்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்து, கடைசிக் காலத்தில் கையில் ஒன்றுமில்லாமல் சிரமப்பட்டவர்.

என் தாத்தா தினமும் சாயங்காலம் தியாகராஜ கீர்த்தனை கேட்பார். வேறு யார் பாடினாலும் நடுவில் எழுந்து போவார், வெற்றிலை மடிப்பார். நாகையா குரல் வந்தால் மட்டும் வெற்றிலைப் பெட்டியை மூடிவிடுவார். "சங்கீத வித்வான்கள் பாடுவார்கள்டா, இவர் கேட்டுக் கேட்டு அழுகிறார்" என்பார். பக்தியை நடிக்க முடியாது என்று பலரும் சொல்வார்கள். அது நடிப்பா, பக்தியா என்ற கேள்வியே அந்த மனிதரிடம் எழவில்லை என்பது என் எண்ணம்.


சித்தூரிலிருந்து (கேரளத்துச் சித்தூர்):

எங்கள் சித்தூரின் பி.லீலாவை யாரும் சொல்லவில்லையே! 1934-ல் இந்த ஊரில் பிறந்தவர். மகளின் பாட்டுக்காகவே சென்னைக்கு அழைத்துப்போன அப்பா அவருக்கு வாய்த்தார். எம்.ஜி.ஆருக்கும் விஸ்வநாதனுக்கும் கிடைக்காத கொடுப்பினை அது. தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அந்தக் குரல் ஒலித்தது. 2005-ல் மறைந்த பிறகு 2006-ல் பத்மபூஷண் வந்தது. இருந்தபோதே கொடுத்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் இன்றும் வருத்தம்.

என் மாமியார் தமிழ் தவிர வேறொன்றும் படித்தவரல்லர். ஆனால் லீலா பாடிய சமஸ்கிருத நாராயணீயத்தைக் கேட்டுக் கேட்டே சுலோகங்களை மனப்பாடம் செய்தார். குருவாயூருக்குப் போயிருந்தபோது விடியற்காலையில் அந்தக் குரல் ஒலிபெருக்கியில் கேட்டதும், வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத அம்மாவின் தோளைத் தட்டி, "எங்கள் ஊர்ப் பெண்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் திரும்பி, "அப்படியா! எந்த வீடு?" என்று மலையாளத்தில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வரிசை நகர்ந்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அதட்டிய பிறகுதான் நடந்தார்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய மாணவர்களிடம் பாட்டி, தாத்தா சொன்ன ஸ்டூடியோக் கதைகளையும் நாடகக் கதைகளையும் எழுதி வாங்குங்கள். வாளையாற்று அன்பரின் பெரியப்பாவைப் போலப் பலர் பேர் தெரியாமல் போயிருப்பார்கள். எலப்புள்ளியிலும் தத்தமங்கலத்திலும் எண்பது கடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓணம் விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம், நானும் கூட வருகிறேன்.