ஆத்தா தனியா சிங்கப்பூர் போறாக, காதுல பில் இல்லாத வைரத்தோடு, திருச்சி ஏர்போர்ட்ல என்ன செய்யணும்?

செக்காலை ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா, அடுத்த மாசம் பிரசவம், எங்க ஆத்தா ஒத்தாசைக்குப் போறாக. வயசு அறுபதுக்கு மேல, பிளேன் ஏறுறது இதுதான் முதல் தடவை, எனக்கு லீவு கிடைக்கல, அதனால தனியாத்தான் போகணும். விசா வந்துருச்சு, திருச்சியில இருந்து போக வர ரெண்டுக்கும் டிக்கெட் போட்டாச்சு.

கவலை என்னன்னா ஆத்தா காதுல கிடக்குறது அவுக கல்யாணத்துக்கு ஆயா வீட்டுல போட்ட வைரத்தோடு. அதுக்கு பில்லுன்னு ஒண்ணும் கிடையாது, அந்தக் காலத்துல ஆசாரி வீட்டுக்கே வந்து வளவுல உக்காந்து செஞ்சு குடுத்தது. மூக்குத்தியும் வைரம்தான், அதுபோக சங்கிலி, வளையல். கழுத்துரு, அதான் கல்யாணத் தாலி நகை, லாக்கர்ல இருக்கு, அதைக் கொண்டு போகல. பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு போகும்போது யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, திரும்பி வரும்போதுதான் இதெல்லாம் அங்க வாங்குனதுன்னு டூட்டி கேப்பாங்கன்னு. ஆத்தாவோ தோட்டைக் கழட்டிட்டு மூளிக் காதோட பேரன் பேத்தி முகம் பாக்க மாட்டேன்னு ஒரே பிடியா இருக்காக.

இன்னொண்ணு, ஆத்தா அஞ்சாவதுதான் படிச்சிருக்காக, இங்கிலீஷ் வராது, இமிக்ரேஷன்ல கேள்வி கேட்டா என்ன செய்வாகன்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரல. ஏதோ ஃபார்ம் வேற நிரப்பணும்னு சொல்றாங்க. பலகாரம், மசாலா, பிரசவ லேகியம் எல்லாம் வேற கட்டி வச்சிருக்காக. போய் வந்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி முதல்ல பயத்தை விடுங்க, திருச்சியில இமிக்ரேஷன்ல உக்காந்திருக்கவங்க தினம் நம்ம ஊர் ஆத்தாமார்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க, தமிழ்லயே கேக்குறவங்க உண்டு. எங்க போறீங்க, யாரு இருக்கா, எத்தனை நாள், திரும்பி வர டிக்கெட் இருக்கா, இவ்வளவுதான் பெரும்பாலும் கேள்வி. மக வீட்டுக்குப் போறேன், பிரசவம், இந்தத் தேதி திரும்பி வர்றேன்னு உள்ளதைச் சொன்னா போதும். நம்ம ஆளுங்க செய்யிற தப்பு என்னன்னா பயந்துக்கிட்டு சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்றது, அப்புறம் பையில பிரசவ மருந்தும் குழந்தைத் துணியும் இருக்கும், அங்கதான் சந்தேகம் வரும். இங்க இருந்து புறப்படுறதுக்கு ஃபார்ம் பத்திக் கவலையே வேண்டாம், இந்தியர்களுக்குப் புறப்பாடு கார்டு நிரப்புறதை 2017 ஜூலை 1லயே எடுத்துட்டாங்க.

ஒரு பிளாஸ்டிக் கவர்ல பாஸ்போர்ட், விசா பிரிண்ட், ரெண்டு டிக்கெட்டும், தங்கச்சி வீட்டு அட்ரஸ், போன் நம்பர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி, அவ அனுப்புன அழைப்புக் கடிதம் இருந்தா அதையும் வச்சுக் குடுங்க. போன்ல இருக்குன்னு விடாதீக, போன் சார்ஜ் போச்சுன்னா அவுக தவிச்சுப் போவாக.

அப்புறம் வீல்சேர். நல்லா நடக்குறாகளேன்னு யோசிக்காதீக, தனியாப் போற பெரியவங்களுக்கு அது ரொம்ப ஒத்தாசை. ஏர்லைன்ஸ்க்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி டிக்கெட்ல பதிஞ்சுருங்க. செக்-இன் கவுண்டர்ல இருந்து ஒரு ஆள் கூடவே வந்து இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், செக்யூரிட்டி எல்லாம் தாண்டி கேட் வரைக்கும் கொண்டு போய் விடுவாங்க. சிங்கப்பூர்ல இறங்குனதும் அதே மாதிரி. உங்களை டெர்மினல் உள்ள விட மாட்டாங்க, வாசல்லயே டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பாத்துட்டுத்தான் காவலுக்கு நிக்கிற சிஐஎஸ்எஃப் படைக்காரங்க அனுப்புவாங்க, அதுக்கு மேல ஆத்தாவுக்கு அந்த ஆள்தான் துணை.

எங்க அப்பச்சி காலத்துல நாகப்பட்டினத்துல சிதம்பரம் கப்பல் ஏறி பினாங்கு போவாக, டிரங்குப் பொட்டி பொட்டியா சாமான் போகும். 1985ல தீப்பிடிச்சதோட அந்தக் கப்பல் போக்குவரத்து போச்சு. அந்த நினைப்புலதான் நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னும் மூட்டை கட்டுறாக. டிக்கெட்ல எத்தனை கிலோன்னு பாத்து வீட்டுலயே எடை போட்டுருங்க தம்பி, கவுண்டர் முன்னாடி பொட்டியைப் பிரிச்சு அதிரசத்தை எடுத்து வெளிய வைக்கிற நிலைமை ஆத்தாவுக்கு வரக் கூடாது.

தேவகோட்டை ரஸ்தா:

தோடு விஷயத்துக்கு நான் சொல்றேன், இது நம்ம ஊர்ல எல்லா வீட்டுக்கும் உள்ள விஷயம், ஆனா சரியாத் தெரிஞ்சு செய்யிறவங்க கொஞ்சம் பேருதான்.

உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. சொந்த நகையைப் போட்டுக்கிட்டு வெளிநாடு போறதுக்குத் தடை கிடையாது. சிக்கல் வர்றது திரும்பி வரும்போதுதான். ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்றவங்களுக்குத்தான் நகையில டூட்டி இல்லாத அளவுன்னு ஒண்ணு இருக்கு, பெண்களுக்கு 40 கிராம், அதாவது நம்ம கணக்குல 5 பவுன், ஆண்களுக்கு 20 கிராம். உங்க ஆத்தா மாதிரி போயிட்டு சீக்கிரம் வர்றவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்ப காதுல கிடக்குற தோடு இங்க இருந்து போனதுதான்னு காட்ட ஒரு பேப்பர் வேணும். அதுக்குப் பேரு எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட், இதைப் போகும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல வாங்கணும். வரும்போது கேட்டா கிடைக்காது, ஏன்னா நகை வெளிய போகும்போது அவங்க கண்ணால பாத்து எழுதுறதுதான் அந்தப் பேப்பரே.

பில் இல்லைன்னு மலைக்காதீக. காரைக்குடியிலயோ திருச்சியிலயோ அரசு அங்கீகாரம் பெற்ற நகை வேல்யூவர்கிட்ட கொண்டு போங்க. எடை, கல்லு எத்தனை, காரட் எவ்வளவு, இன்னைக்கு மதிப்பு என்ன, எல்லாம் எழுதி நகையோட போட்டோ ஒட்டி கையெழுத்து சீல் போட்டுத் தருவார். தோட்டைப் பின்பக்கமும் சேத்து நீங்களே நல்லா கிட்டத்துல போட்டோ எடுங்க, பழைய தோடுன்னா கட்டுன விதத்துலயே அடையாளம் தெரியும், இப்ப சிங்கப்பூர் கடையில அந்த மாதிரி கல் கட்டுன வேலை கிடைக்காது. ஆத்தா தோடு போட்டிருக்க மாதிரி பழைய கல்யாண போட்டோ ஒண்ணு இருந்தா அதையும் ஸ்கேன் பண்ணி வைங்க, சட்டப்படி அது பேப்பர் ஆகாது ஆனா பேசுறதுக்கு உதவும்.

ஏர்போர்ட்ல வரிசை இப்படி வரும்: வாசல் செக்கிங், ஏர்லைன்ஸ் கவுண்டர்ல பொட்டி போட்டு போர்டிங் பாஸ் வாங்குறது, இமிக்ரேஷன்ல சீல், அடுத்து கஸ்டம்ஸ், அப்புறம் செக்யூரிட்டி, கடைசியா கேட். கஸ்டம்ஸ் மேசையில நாமளா போய் நின்னு கேட்டாத்தான் உண்டு, அவங்களா கூப்பிட்டு சர்டிஃபிகேட் தர மாட்டாங்க. பல பேரு அந்த மேசையைக் கண்ணெடுத்துப் பாக்காம செக்யூரிட்டிக்கு நடந்துருவாங்க. அதனால செக்-இன் கவுண்டர்லயே "நகைக்கு கஸ்டம்ஸ் சர்டிஃபிகேட் வாங்கணும், எங்க போகணும்"னு கேக்கச் சொல்லுங்க, வீல்சேர் தள்ளுறவர்கிட்டயும் சொல்லுங்க. நகை எல்லாம் உடம்புலயோ கைப்பையிலயோதான் இருக்கணும். பொட்டிக்குள்ள வச்சுப் போட்டுட்டா அது பெல்ட்ல போயிரும், அப்புறம் யாருகிட்ட எதைக் காட்டுறது?

வரும்போது அந்த ஒரிஜினல் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு கேட்டா காட்டணும், அவ்வளவுதான். அங்க புதுசா ஏதாவது நகை வாங்கியிருந்தா மட்டும் ரெட் சேனல்ல, அதாவது டூட்டி உள்ள சாமான் வச்சிருக்கவங்க போற வழியில, போய்ச் சொல்லிரணும், மறைக்கவே கூடாது.

கோட்டையூர் வாசி:

நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். இவ்வளவு அலைச்சல் எதுக்கு, தோட்டை லாக்கர்ல வச்சுட்டு ஒரு சின்னத் தங்கத்தோடு போட்டு அனுப்புங்க. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு அங்க குளிப்பாட்ட, மருந்து குடுக்கன்னு ஓடும்போது ஒரு திருகாணி கழண்டு விழுந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. பேப்பர் வாங்குனா டூட்டி தப்பும், தொலைஞ்சா யாரு தருவா?

பள்ளத்தூர் ஆச்சி:

கோட்டையூர் அண்ணே சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா அது ஆத்தா முடிவு பண்ண வேண்டியது. கல்யாணத்துல இருந்து கழட்டாத தோட்டைக் கழட்டுன்னு பிள்ளைகள் சொல்றது அவுகளுக்கு எப்படி இருக்கும்? ஆசாரிகிட்ட குடுத்து திருகை இறுக்கிக்கிட்டு, பேப்பரும் வாங்கிக்கிட்டு போகட்டும். வளையலை வேணும்னா ஒரு ஜோடியாக் குறைச்சுக்கலாம்.

சிங்கை வாசி:

நான் கண்டனூர், இப்ப பல வருஷமா சிங்கப்பூர்ல. இங்க இறங்குற பக்கத்தை நான் சொல்றேன், எல்லாரும் இந்தியா கஸ்டம்ஸ்க்கு மட்டும் பயப்படுறாங்க, இந்தப் பக்கத்தை மறந்துடுறாங்க.

நீங்க கேட்ட ஃபார்ம் இதுதான், எஸ்ஜி அரைவல் கார்டுன்னு சிங்கப்பூர் வருகைக் கார்டு, அது கட்டாயம். இறங்குற நாளையும் சேத்து மூணு நாளுக்குள்ள இமிக்ரேஷன் ஆணையமான ஐசிஏவோட சைட்லயோ ஆப்லயோ நிரப்பணும், உங்க தங்கச்சியே நிரப்பிரலாம். இது இலவசம். கூகுள்ல தேடுனா மேல வர்ற சில சைட்டுங்க காசு கேக்கும், அதுல போயிராதீங்க. இது விசா இல்ல, விசா வேற இது வேற, ரெண்டும் வேணும்.

இப்ப சாப்பாடு. தயவுசெஞ்சு கசகசா போடாதீங்க. தனிப் பொட்டலமா மட்டும் இல்ல, குருமாப் பொடி, மசாலாப் பொடி எதுலயாவது அரைச்சுப் போட்டிருந்தாலும் எடுத்துருங்க. சிங்கப்பூர்ல கசகசா போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடை பண்ணுன பொருள், நமக்குச் சமையல் சாமான்னு சொன்னா எடுபடாது. உப்புக்கண்டமும் கூடாது, இந்தியாவுல இருந்து ஆட்டுக்கறி, கோழிக்கறி எந்த வடிவத்துலயும் கொண்டுவர அனுமதி இல்ல, காயவச்சதா இருந்தாலும் அதே சட்டம்தான். பிரசவம் ஆன புள்ளைக்கு உப்புக்கண்டம் வறுத்துக் குடுக்கணும்னு ஆத்தாவுக்கு ஆசை இருக்கும், நீங்கதான் எடுத்துச் சொல்லணும். கல்பாசி, மராட்டிமொக்கு, அன்னாசிப்பூ, சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல், வத்தல் எல்லாம் தாராளமா வரலாம். பான் போடுற பழக்கம் இருந்தா புகையிலை வேண்டாம், மெல்லுற புகையிலைக்கும் இங்க தடை.

மாத்திரை மூணு மாசத்துக்கு மேல போகாம, டாக்டர் சீட்டோட, கடையில குடுத்த அட்டையோடவே இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து இருந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், இல்லாட்டி விட்டுட்டு வாங்க.

குழந்தைக்குத் தங்கக் காப்பு, வெள்ளி அரைஞாண்னு புதுசா வாங்கிக் கொண்டு வந்தா அது அன்பளிப்புக் கணக்குல வரும். சிங்கப்பூருக்கு வெளிய 48 மணி நேரத்துக்கு மேல இருந்துட்டு வர்ற பயணிக்கு 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, அதுக்கு மேல உள்ள மதிப்புக்கு 9 சதவீதம். மேல போச்சுன்னா இறங்குனதும் சொல்லிக் கட்டிரலாம், பெரிய சிரமம் இல்ல. சொல்லாம மாட்டுனாத்தான் அபராதம்.

செக்காலை ரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உப்புக்கண்டம் நிஜமாவே பொட்டியில இருந்துச்சு, எடுத்தாச்சு, ஆத்தாவுக்கு வருத்தம்தான். மசாலாவும் கசகசா இல்லாம திரும்ப அரைக்கணும்னு சொல்லிட்டாக. நாளைக்கு வேல்யூவர்கிட்ட போறோம். இன்னும் ரெண்டு சந்தேகம். பத்தாவது படிக்காதவங்களுக்கு ஈசிஆர்னு, அதாவது குடியேற்ற அனுமதி பாக்கணும்னு, பாஸ்போர்ட்ல வருமாமே, அதனால இமிக்ரேஷன்ல நிறுத்துவாங்களா? கைச்செலவுக்கு ரூபாயா எவ்வளவு குடுத்து விடலாம்?

தேவகோட்டை ரஸ்தா:

ஈசிஆர் உங்களுக்குப் பொருந்தாது. அது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்களை ஏமாத்தாம இருக்கக் கொண்டு வந்த ஏற்பாடு, 1983 குடியேற்றச் சட்டப்படி. வளைகுடா நாடுகள், மலேசியா மாதிரி சில நாடுகளுக்கு வேலைக்குப் போனாத்தான் அந்த கிளியரன்ஸ், சிங்கப்பூர் அந்த லிஸ்ட்லயே இல்ல. 50 வயசு தாண்டுனவங்களுக்குப் படிப்பு இல்லாட்டியும் ஈசிஆர் தேவையில்லைன்னுதான் விதி. இருந்தாலும் பாஸ்போர்ட்டைத் திறந்து ஒரு தடவை பாத்துக்கங்க. அப்படியே ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி இருக்கா, டிக்கெட்ல உள்ள பேரும் பாஸ்போர்ட்ல உள்ள பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னும் பாருங்க. நம்ம பக்கம் இனிஷியலை விரிச்சு எழுதுறதுல அப்பச்சி பேரா, வீட்டுக்காரர் பேரான்னு குழம்பி டிக்கெட்ல வேற மாதிரி போட்டுடுறாங்க, கவுண்டர்ல நிறுத்துறது அதுக்குத்தான்.

இந்திய ரூபாய் 25,000 வரைக்கும் கொண்டு போகலாம். ஆனா அங்க ரூபாயை வச்சு என்ன செய்ய, கொஞ்சம் சிங்கப்பூர் டாலரா மாத்திக் குடுங்க, மாத்துன ரசீதையும் கூட வைங்க.

ஊறுகாய், நெய், லேகியம் எல்லாம் பொட்டிக்குள்ள, கைப்பையில 100 மில்லிக்கு மேல எந்தக் களியும் குழம்பும் போகாது. லேகியமும் அந்தக் கணக்குலதான் வரும். கொப்பரைத் தேங்காய் எதுலயும் வேண்டாம், சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குன்னு கற்பூரம் வச்சிருந்தா அதையும் எடுத்துருங்க, தீப்பிடிக்கிற சாமான். பவர் பேங்க் இருந்தா கைப்பையிலதான் வைக்கணும்.

ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்லயே இருக்கு, திருச்சி டவுனுக்குள்ள போக வேண்டியதில்ல, காரைக்குடியில இருந்து கார்ல ரெண்டு மணி நேரம் வச்சுக்கங்க. எல்லாரும் மூணு மணி நேரம் முன்னாடின்னு சொல்வாங்க, நீங்க கஸ்டம்ஸ் பேப்பர் வாங்கணும்னா நாலு மணி நேரம் முன்னாடி வாசல்ல இருங்க. நகையை எடை போட்டு எழுதுறதுக்கு ஆபீசர் வர நேரம் ஆகலாம், கவுண்டர் திறந்ததும் முதல் ஆளா பொட்டியைப் போட்டுட்டு உள்ள போயிட்டாகன்னா அவசரம் இல்லாம வாங்கிரலாம். பேப்பர் கையில வந்ததும் அதை போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸாப்ல அனுப்பச் சொல்லுங்க, ஆத்தாவுக்குப் போட்டோ அனுப்பத் தெரியாட்டி இன்னைக்கே உக்காந்து சொல்லிக் குடுங்க.