கோத்தகிரி கைத்தேயிலைக்கு நேரடிச் சந்தை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒன்பது சிறு விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து தேயிலை செய்கிறோம். ரசாயனம் நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. கொழுந்தை ஃபேக்டரிக்குப் போடாமல் நாங்களே வாட்டி, கையால் உருட்டி, காயவைக்கிறோம். சரக்கு நன்றாக வருகிறது, விற்கத்தான் முடியவில்லை.

1991இல் சோவியத் யூனியன் உடைந்ததும் நீலகிரித் தேயிலை பெரிய சந்தையை இழந்தது. அப்புறம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் கொழுந்து விலை சரிந்தது. அந்த அடியை எங்கள் வீடுகள் இன்னும் மறக்கவில்லை. எங்கோ முடிவாகும் விலையை நம்பி இனியும் இருக்க முடியாது. 2004இல் மும்பையில் நடந்த உலக சமூக மன்றத்துக்கு (உலகமயத்துக்கு மாற்றுத் தேடும் இயக்கங்களின் கூடுகை) போய்வந்த ஊர் அண்ணன் ஒருவர்தான், மெக்சிகோவின் சியாபாஸில் ஜபடிஸ்டா (அங்குள்ள பழங்குடி விவசாயிகளின் கிளர்ச்சி இயக்கம்) காபி கூட்டுறவுகள் இடைத்தரகர் இல்லாமல் வெளிநாட்டு ஆதரவுக் குழுக்களுக்கு விற்றதைச் சொன்னார். அந்த வழியைத்தான் தேடுகிறோம்.

பி.ஜி.எஸ். சான்று இருக்கிறது (விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துத் தரும் இயற்கை விவசாயச் சான்று). உணவுப் பாதுகாப்புப் பதிவும் உண்டு. ஜெர்மனியில் ஒரு நியாய வணிகக் கடைக்கு சாம்பிள் பிடித்தது, ஆனால் மூன்றாம் தரப்புச் சான்று (வெளி நிறுவனம் சோதித்துத் தருவது) கேட்கிறார்கள். அந்தக் கட்டணம் எங்களுக்குக் கட்டாது. கோவை, சென்னை அங்காடிகள் விற்ற பிறகுதான் பணம் என்கின்றன. அதுவரை பறிகூலி கொடுக்க வழியில்லை. தனித்தனி கூரியரில் லாபம் போய்விடுகிறது. மாதம் சுமார் 40 கிலோ தர முடியும்.

பி.ஜி.எஸ். சான்றை மட்டும் ஏற்று, முன்பணம் கொடுத்து வாங்கும் நுகர்வோர் கூட்டுறவோ குழுவோ தென்னிந்தியாவில் எங்கே இருக்கிறது?